எங்கள் ஊர்க் குளத்தில் பஞ்சாயத்துக்கு அதிகாரமே இல்லையா?

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஊர்க் குளத்தின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்புறம் தண்ணீர் பரவும் பகுதியில், சாலையை ஒட்டிய பக்கம், இரவு நேரங்களில் டிப்பர் டிப்பராக மண் கொட்டி மேடாக்குகிறார்கள். தை, மாசியில் நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும் குளம் அது. பஞ்சாயத்துத் தலைவரிடம் போனால், "குளம் நம்முடையது இல்லை, எனக்கு அதிகாரம் கிடையாது, தாசில்தாரைப் பாருங்கள்" என்கிறார். தாசில்தார் அலுவலகத்தில் பொதுப்பணித்துறையைக் கைகாட்டுகிறார்கள். "அண்ணாச்சி, தலைவர் சொல்வது சரிதானா? உள்ளாட்சிக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது?" என்பது கேள்வி.

தலைவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பங்குதான் பெரியது. நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். பெரும்பகுதி நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரம் வட்டங்களில் சங்கிலி இழுத்தவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு குளம் எப்படி மனையாகிறது என்பதைக் கல் கல்லாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சொந்தம் என்ற விஷயம். கரைமேல் ஏறி நின்று பாருங்கள். கண்ணுக்கு ஒரே குளமாகத் தெரிவது காகிதத்தில் ஆறேழு துண்டு. நிலம் நீர்நிலைப் புறம்போக்கு. அது வருவாய்த்துறைக் கணக்கு. தண்ணீரும் மடையும், மிகுநீர் வழிந்தோடும் மறுகாலும் ஆயக்கட்டைப் பொறுத்தது: பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறைக் குளம் (2021லிருந்து அது நீர்வளத்துறை என்று தனித் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் குளம். ஊருணி, குட்டை, தெப்பம் போன்றவற்றில்தான் கிராமப் பஞ்சாயத்து நேரடியாக நிற்கிறது. குளத்து மீன் ஏலம் ஒருவர் கையில். உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல் பல குளங்களில் சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறை நட்டது. வெட்டும் உரிமையும் ஏலமும் அவர்கள் பக்கம். வண்டல் மண் கனிமம். அதை அள்ள அனுமதி வேறு மேசையில். அந்தக் கருவேல மரத்தில் கூடு கட்டும் பறவை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருவதால் மீண்டும் வனத்துறை, ஆனால் மரத்தைப் பார்க்கும் பிரிவு வேறு, பறவையைப் பார்க்கும் பிரிவு வேறு.

இத்தனை பேரில் எவருக்கும் முழுக் குளம் தெரியாது. பொறியாளருக்கு மடை தெரியும், ஏலக்காரருக்கு மீன் தெரியும், எங்களுக்கு எல்லை தெரியும். காலையில் கரையில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும் ஊர்க்காரர்தான் குளத்தைக் குளமாகப் பார்க்கிறார். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தோடு வந்த பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளாட்சிக்கு என்று எழுதப்பட்டன. அதில் மூன்றாவது பொருள் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் நீர்ப்பிடிப்பு மேம்பாடும்தான். பட்டியலில் பெயர் இருக்கிறது, சாவிக்கொத்து வேறு வீட்டில் தொங்குகிறது. தலைவரின் புலம்பலுக்கு அதுதான் நியாயம்.

இனி அவர் சொல்லாமல் விட்டது. இதற்கு ஒரு குளத்தைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் ராதாபுரம் பக்கம் ஒரு குளத்தை அளக்கப் போனேன். புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தில், மறுகாலுக்குத் தெற்கே ஒரு எல்லைக்கல் காட்டியிருந்தது. அந்த இடத்தில் கல் இல்லை. ஓலைக் கொட்டகையும் அதற்குள் ஒரு டிராக்டரும் இருந்தன. இரண்டு பக்கத்துக் கற்களிலிருந்தும் அளந்து பார்த்தால் கொட்டகையின் நடுத்தூணுக்கு ஓரடி தள்ளித்தான் கல் இருக்க வேண்டும். கொட்டகைக்காரர் என்னை அமர வைத்து மோர் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். அதில் மூன்று காகிதங்கள். அந்த வருடத்து வீட்டு வரி ரசீது. மின் இணைப்புக்கான அட்டை. குடிநீர்க் குழாய்க்குப் பணம் கட்டிய சீட்டு. வாசலில் பஞ்சாயத்து போட்ட சிமெண்டுச் சாலை வேறு, அதன் முனையில் தெருவிளக்கு. "என் இடம் இல்லை என்றால் பஞ்சாயத்து ஏன் வரி வாங்குகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கல்லைக் காட்டியது யார் தெரியுமா? எதிர்த்த வீட்டு ஆச்சி. சின்ன வயதில் அந்தக் கல்லில்தான் துணி துவைத்தாராம். "தூணை நட்டபோது கல்லைப் பெயர்த்து அந்தப் பக்கம் போட்டார்கள், பார்" என்று ஆட்டுத் தொட்டியைக் காட்டினார். தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தது நம்முடைய சர்வே கல், தலையில் வெட்டிய குறியோடு.

இதுதான் எனக்குத் தெரிந்த பாடம்: குளத்தை மண் மட்டும் மேடாக்குவதில்லை, காகிதம் மேடாக்குகிறது. அந்தக் காகிதங்களில் முதலாவது பெரும்பாலும் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்துதான் புறப்படுகிறது. வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரசீதைக் காட்டி மின் இணைப்பு, இணைப்பைக் காட்டி முகவரி, முகவரியைக் காட்டிப் பத்து வருட அனுபவம், அனுபவத்தைக் காட்டிப் பட்டா கேட்டு மனு. ஒவ்வொரு படியிலும் முந்தைய படிதான் சாட்சி. உங்கள் தலைவருக்குக் குளத்தின்மேல் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். புறம்போக்கில் நிற்கும் கட்டடத்துக்கு வரி ரசீது தராமல் இருக்க, வரைபட அனுமதி மறுக்க, அதற்குச் சாலையும் விளக்கும் போடாமல் இருக்க அவருக்கு முழு அதிகாரம் உண்டு. கையெழுத்துப் போடாத அந்த அதிகாரத்தை எந்தத் தாசில்தாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "தடுப்பீர்களா" என்பதல்ல. "அந்த சர்வே எண்ணில் இதுவரை எத்தனை ரசீது போட்டிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுவாகவும் கேட்கலாம்; முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில ஊர்களில் ஆக்கிரமிப்பாளரே பஞ்சாயத்துதான். குப்பை கொட்ட இடமில்லை என்று குளத்து ஓரத்தில் கொட்டுகிறார்கள். சாக்கடையை இழுத்துக்கொண்டுபோய் மடைக்கு மேல் விடுகிறார்கள். நூலகமோ சமுதாயக் கூடமோ கட்ட இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது குளத்து மேடு. சுற்றுச்சுவர் சண்டை வராத ஒரே நிலம் அதுதானே. நகரத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி வேய்ந்தான்குளம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒட்டியே கைகாட்டுவார்கள்.

அடுத்தது சட்டம். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "ஈரநிலம்" என்று மனுவில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவைதான்: குப்பை கொட்டக்கூடாது, கழிவுநீர் விடக்கூடாது, நிலப்பயன்பாட்டை மாற்றக்கூடாது, பத்து வருடச் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் அதே விதிகளின் வரையறையில், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் விலக்கப்பட்டிருக்கின்றன. நம் சீமையில் கரை போட்ட குளம் எதுவும் பாசனக் குளம்தான். பறவைக்கு அது ஈரநிலம், மீனுக்கு அது ஈரநிலம், விதிப்புத்தகத்துக்கு இல்லை.

சாத்தான்குளம் பக்கம் போனால் கதை தலைகீழ். தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளுக்கு நடுவே மழைநீர் தானாகத் தேங்கும் பள்ளங்களைத் தருவை என்பார்கள். புத்தன்தருவை என்று ஊரே இருக்கிறது. அவை இயற்கையாய் அமைந்தவை. விதியின் வரையறை அவற்றுக்குப் பொருந்தும். ஆனால் மழை பொய்த்த வருடத்தில் தருவை வெறும் பொட்டலாகக் கிடக்கும். பொட்டல் என்று நினைத்து மனை போடுகிறவனும் உண்டு. சட்டம் கைகொடுக்கும் இடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை, தண்ணீர் தெரியும் இடத்தில் சட்டம் கைகொடுப்பதில்லை.

அப்படியென்றால் உங்கள் குளத்துக்கு எதுவும் இல்லையா? இருக்கிறது, வேறு கதவு வழியாக. நாட்டில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்கள் செயற்கைக்கோள் படத்தின் உதவியோடு கணக்கிடப்பட்டன. அவற்றை முந்தைய 2010 விதிகளின் நான்காம் விதியில் உள்ள கோட்பாட்டின்படி பாதுகாக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் குளம் குட்டைகளும் அடக்கம். உங்கள் குளம் ஐந்தரை ஏக்கருக்கு மேல் என்றால் அந்த வரைபடத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைவிட நேரடியானது பழைய 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த்துறைக்கு. குளம் பொதுப்பணித்துறையுடையது என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம்; குளத்தை அளந்து எல்லை குறித்து, ஆக்கிரமிப்பாளருக்கு அறிவிப்பு கொடுத்து, துறையே அகற்ற வேண்டும். அந்தச் சட்டம் பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள குளங்களுக்கு மட்டும் என்பதால், ஒன்றியக் குளத்துக்கு அதைக் காட்டி மனு எழுதினால் "எங்களுக்குப் பொருந்தாது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். எத்தனையோ மனுக்கள் அப்படித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் குளம் எந்தத் துறையுடையது என்று தெரிந்த பிறகு பேனாவை எடுங்கள்.

பஞ்சாப் மாநிலத்தில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டிய வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் தந்த ஜக்பால் சிங் தீர்ப்பையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடம் குடியிருந்தாலும், எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும் அதைக் காரணமாக்கிப் பொது நிலத்தை வரன்முறைப்படுத்தக்கூடாது என்று சொல்லி, எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசே ஒதுக்கிய இடங்களை விதிவிலக்காக விட்டது என்பதையும் மறக்க வேண்டாம். கரையோரம் நான்கு தலைமுறையாய் ஓலைக் குடிசையில் இருப்பவரையும், டிப்பரில் மண் அடித்து மனை போடுபவரையும் ஒரே மனுவில் சேர்த்து எழுதாதீர்கள். முதலாமவருக்கு மாற்று இடம் கேளுங்கள். அவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் மனை விற்பவர்கள்தான் அதிகம்.

இனி கிராம சபை. பலரும் இதை ஜனவரி 26இல் மிட்டாய் வாங்கப் போகும் கூட்டமாக நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்: குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி நாள். கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, முக்கியம். ஐநூறு பேர் வரையுள்ள ஊருக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. தலை குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று அடுத்த மேசையில் ஒதுக்கிவிடுவார்கள். கையெழுத்துப் புத்தகத்தைக் கூட்டம் முடிவதற்குள் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி. "குளத்தைப் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதினால் அதில் யாருக்கும் வேலை இல்லை, ஆகவே யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். சர்வே எண், பரப்பு, கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் மண் கொட்டப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள். அதன் கீழே மூன்று கோரிக்கை போதும்: வட்டாட்சியர் நில அளவை செய்து எல்லைக்கல் நட வேண்டும், அந்த சர்வே எண்ணில் வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு எதையும் இந்தப் பஞ்சாயத்து இனி வழங்காது, மண் ஏற்றி வந்த வண்டிகளின் நடைச்சீட்டை, அதாவது மண் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை, கனிமவளத்துறை சரிபார்க்க வேண்டும். கடைசிக் கோரிக்கையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உங்கள் குளத்தை மேடாக்கும் மண் பெரும்பாலும் பக்கத்து ஊர்க் குளத்தைப் பள்ளமாக்கிக் கொண்டுவந்ததாக இருக்கும். இரண்டு ஊர்த் தீர்மானம் சேர்ந்து போனால் கனம் கூடும்.

தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்கிறவர்களுக்கு மதுரை அரிட்டாபட்டியைக் காட்டுங்கள். 2022இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்கள் 2024இல் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை, மக்கள் நடையாய் நடந்தார்கள். ஆனால் நடந்தவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது.

உள்ளாட்சிப் பெருமை பேச வேண்டுமென்றால் எல்லோரும் உத்திரமேரூருக்குப் போய்விடுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயில் சாலையில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில் ஒரு பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது; மாறஞ்சடையன் காலத்தது. ஊர்ச் சபையில் அமர்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூரைவிடப் பழையது. நிலம் உள்ளவருக்கும் வேதம் படித்தவருக்கும் மட்டுமான சபை அது என்பதால் நான் அதைக் கொண்டாடப் போவதில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் ஊராட்சி என்பது நேற்று வந்த சரக்கு இல்லை.

பறவைகள் வரும் குளம் என்று நீங்கள் சொன்னதால் இரண்டு ஊர்களைப் பார்த்து வரச் சொல்வேன். இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான்.

ஒன்று கூந்தன்குளம். கூந்தன்குளமும் காடன்குளமும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர், 1994இல் பறவைகள் சரணாலயம், 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு. ராம்சார் என்றதும் ஏதோ வெளிநாட்டு வேலி போட்ட காடு என்று நினைக்காதீர்கள். ஊருக்கு உள்ளேயே நாரை கூடு கட்டுகிறது. வீட்டு முற்றத்து மரத்தில் குஞ்சு கத்துகிறது, கீழே ஆச்சி பாத்திரம் கழுவுகிறார். பறவை எச்சம் கலந்த வண்டலும் தண்ணீரும் வயலுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே இருந்த கட்டுப்பாடு அது.

ஆனால் கூந்தன்குளம் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. சரணாலயப் பலகை தண்ணீர் கொண்டுவராது. அந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் தண்ணீர் வர வேண்டும். அந்த அணையின் பிரதானக் கால்வாயில் நான்கு ரீச், அதாவது நான்கு பகுதி. எந்த வருடம் எந்த ரீச்சுக்கு முதலில் திறப்பது என்பது நீர்வளத்துறையும் ஆட்சியரும் விவசாயிகளும் சேர்ந்து இழுக்கும் கயிறு. தண்ணீர் எட்டாத வருடத்தில் நாரை வேறு குளம் தேடிப் போய்விடும், பலகை மட்டும் நிற்கும். ஆகவே உங்கள் மனுவில் மண் கொட்டுவதை மட்டும் எழுதாமல், குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயையும் பாருங்கள். வரத்துக்கால் எந்த ஊர் எல்லையில் அடைபட்டிருக்கிறது? பெரும்பாலும் உங்கள் பஞ்சாயத்துக்கு வெளியே இருக்கும். அந்த ஊர்த் தலைவரிடம் போய் நிற்பதற்கும் ஒரு தீர்மானம் கையில் வேண்டும்.

இரண்டாவது திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் மருதமும் இலுப்பையும் கொக்கு, நாரைக் கூடுகளால் வெள்ளையடித்தாற்போல் இருக்கும். 2005இல் அந்த இடம் பாதுகாப்புக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர்! நம் ஊர்களில் ஒரு பெரிய வீட்டுக்காரரின் வாழைத் தோட்டம் அதைவிடப் பெரியதாக இருக்கும்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தின் மூலம் வந்த 36அ பிரிவு, அரசு நிலத்தை ஊர்மக்களைக் கலந்து காப்பகமாக அறிவிக்க வழி செய்கிறது. அடுத்த பிரிவில் ஒரு மேலாண்மைக் குழு வருகிறது. அதில் அந்த இடம் அமைந்துள்ள ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு பிரதிநிதி இருந்தாக வேண்டும். தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண்துறை, கால்நடைத்துறை ஒவ்வொருவர், வனத்துறை அலுவலர் செயலாளர். தனியார் நிலமோ சமுதாய நிலமோ என்றால் சமுதாயக் காப்பகம் என்று இன்னொரு வகை. அதன் குழு உறுப்பினர்களை நியமிப்பதே பஞ்சாயத்து. சரணாலயம் என்றால் மேலிருந்து அறிவிப்பு வரும், ஊர் பயப்படும்: ஆடு மேய்க்கலாமா, மீன் பிடிக்கலாமா என்று. காப்பகத்தில் ஊர் மேசைக்கு இந்தப் பக்கம் அமர்கிறது. உங்கள் குளத்தில் உண்மையிலேயே பறவை கூடு கட்டுகிறது என்றால், வந்து போவது மட்டுமல்ல கூடு கட்டுகிறது என்றால், இந்த வழியைக் கிராம சபையில் பேசிப் பாருங்கள். குழு ஆலோசனைதான் சொல்லும், முடிவு தலைமை வன உயிரினக் காப்பாளருடையது என்பதையும் சபையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் ஏமாற்றிவிட்டாய் என்பார்கள்.

கூடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். தாமிரபரணிப் படுகையில் 2011லிருந்து ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்துவது. தன்னார்வலர்கள் குளம் குளமாக எண்ணுகிறார்கள். உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் பஞ்சாயத்திலும் இருக்கும். யார் உறுப்பினர் என்று உறுப்பினர்களுக்கே தெரியாமல் இருக்கவும் கூடும். அந்தப் பதிவேட்டில் குளத்துக்கு எத்தனை பக்கம் என்று திறந்து பாருங்கள். வெறுமையாக இருந்தால் நல்லது, நீங்கள் எழுதலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஊர்கள் துண்டாயின. அந்த மழைக்கு எந்தக் குளமும் தாங்காது என்பது உண்மை. ஆனால் மறுகால் ஓடையில் வீடு கட்டியிருந்த இடங்களில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பியது என்று அந்தந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் குளத்தில் மண் கொட்டும் இடத்திலிருந்து மறுகால் எவ்வளவு தூரம்? அருகில் என்றால் மனுவின் முதல் வரியாக அதை எழுதுங்கள். நாரைக்காக எழுதினால் அலுவலகம் புன்னகைக்கும். வெள்ளத்துக்காக எழுதினால் கோப்பைத் திறக்கும். வருத்தமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். முதலில் அ பதிவேடும் புலப்பட நகலும் எடுங்கள். அ பதிவேட்டு விவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம். அதோடு நிறுத்தாதீர்கள். எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேடு புதுப்பிப்புக் கணக்கெடுப்பில் சில இடங்களில் ஓடையும் உள்வாயும் பட்டாவாக மாறியிருக்கின்றன. சில தவறு, சில தவறு மாதிரி. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை, எஸ்.எல்.ஆர். என்போம், நகல் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. இரண்டு பதிவேட்டிலும் பரப்பு ஒன்றாக இருந்தால் உங்கள் பக்கம் பலம். வித்தியாசம் இருந்தால் அங்கேதான் வழக்கே இருக்கிறது. மண் கொட்டும் இடம் பழையதிலும் பட்டா என்றால் பாதை வேறு. உள்வாய்க்குள் பட்டா நிலம் இருக்கும் குளங்களும் உண்டு, அதைத் தெரியாமல் ஒருவரை ஆக்கிரமிப்பாளர் என்று சபையில் பெயர் சொல்லிப் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மனுவைத் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே ரசீது எண்ணைச் சொல்லி எழுந்து கேளுங்கள், நீர்வளத்துறைப் பொறியாளரும் வனத்துறையும் வருவாய்த்துறையும் ஒரே அறையில் இருப்பது அன்று மட்டும்தான். எதுவும் நடக்கவில்லை என்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது, ஆனால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால்தான் முதல் டிப்பர் வந்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இருக்கிறது. அங்கே போகிறவர்களிடம் நீதிபதிகள் கேட்கும் முதல் கேள்வி, அதிகாரிகளிடம் எப்போது மனு கொடுத்தீர்கள் என்பதுதான்.

அளவர் வரும் நாள் முடிவானதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஊரில் மடை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும், குளத்தில் துணி துவைத்த ஆச்சிகள் இரண்டு பேரையும் கரைக்கு அழைத்து வாருங்கள். கல் இருந்த இடம் புலப்படத்தில் இருக்கும். கல் இப்போது எந்த வீட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.